துள்ளுநடைச் சூரணம்

உடும்பஞ்சோலை
9 ஜூன் 2024

என் செல்லத் தங்கச்சி ஆன்மேரிக்கு அக்கா இன்பமேரி எழுதுவது. சேசு மரி சூசை துணை. இங்கே நானும் உன் அத்தானும் நல்ல சுகம். அங்கே நீயும் ஜின்சன் தம்பியும் பிள்ளைகளும் சுகமா?

மழையில் சாய்ந்த செல்போன் டவரை இன்னும் நிமிர்த்தவில்லை. மேட்டு வளைவு வரை நடந்தால் சிக்னல் கிடைக்கும், ஆனால் மூன்று வார்த்தை பேசுவதற்குள் அறுந்துவிடும். அதனால்தான் கடிதம். உனக்கு ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும். என் முட்டிவலி போய்விட்டது.

ஏழு வருடமாக நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஏலச்செடிக்குக் கீழே காய் எடுக்க உட்கார்ந்தால், தூக்கிவிட இரண்டு பேர் வர வேண்டும். சந்தையில் ஜோமோன் என்று ஒருத்தர் ஜீப்பில் மருந்து கொண்டுவந்து விற்கிறார். 'துள்ளுநடைச் சூரணம்' என்று பேர். நாற்பத்திரண்டு மூலிகை, இங்கிலீஷ் மருந்து துளியும் கிடையாது, பக்கவிளைவு இல்லை என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. காலையும் மாலையும் ஒரு கரண்டி. மூன்றாம் நாள் நானே உட்கார்ந்து நானே எழுந்தேன். கங்காணி என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

போன வாரம் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கருத்தப்பாண்டி மகள் மௌனிகாவுக்குக் கல்யாணம். மேளக்காரன் ஓய்ந்து உட்காரும்வரை ஆடினேன். உன் அத்தான் வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து நின்றார்.

நீ ஏதோ கம்பெனியில் பாக்கிங் வேலை என்றாயே, என்ன பாக்கிங்? விவரமாக எழுது. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா
இன்பமேரி


கொழிஞ்சாம்பாறை
21 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு ஆன்மேரியின் தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம். அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது?

இங்கே இன்னும் சரியாக மழை இறங்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் கூரையைத் தூக்குகிற மாதிரி அடிக்கிறது. என் வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோவில் தேங்காய் ஏற்றிக்கொண்டு தினமும் வேலந்தாவளம் போய் வருகிறார். சின்னவன் முன்பல் விழுந்து, சிரித்தால் அழகாக இருக்கிறான். நீங்கள் ஆடியதை வாசித்துக் காட்டினேன். பெரியம்மா ஆடுவாங்களா என்று கேட்டு அவனும் ஆடினான்.

என் வேலை டப்பாக்களில் லேபிள் ஒட்டுவதுதான். சொல்ல ஒன்றும் இல்லை.

அக்கா, வலிதான் போய்விட்டதே, அந்தப் பொடியை இனியும் எதற்குத் தின்ன வேண்டும்? கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்களேன். ஒன்று கேட்கிறேன், அந்த டப்பாவின் மூடி என்ன நிறம்?

வேலைக்கு நேரமாகிறது. நிறுத்துகிறேன்.

ஆன்மேரி


உடும்பஞ்சோலை
7 ஜூலை 2024

என் கண்ணு ஆன்மேரிக்கு, எல்லாருக்கும் நல்ல சுகம் தர ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அத்தானின் இருமல் மழையோடு வந்தது, மழையோடுதான் போகும்.

மூடி பச்சை. அதை எதற்குக் கேட்கிறாய்? வலி போய்விட்டதே என்கிறாய். இரண்டு நாள் தின்னாமல் பார்த்தேன். உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கிடந்தது. திரும்பத் தின்றதும் சரியாகிவிட்டது.

பசி எடுக்கிறது பார், மூன்று வேளையோடு நாலாவதும் சாப்பிடுகிறேன். முகம் பூரித்துப் பளபளவென்று இருக்கிறது, கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தூக்கம்தான் குறைவு. அதனால் என்ன, விடிவதற்குள் வீட்டுவேலை முடிந்துவிடுகிறது. கையில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருக்கிறது. எங்கே இடித்தேன் என்று நினைவில்லை.

என்னைப் பார்த்து இங்கே பதினாலு பேர் வாங்கித் தின்கிறார்கள். குருவம்மாள் மதினிகூட ஆரம்பித்துவிட்டாள். ஜோமோனுக்கு ஒரே சந்தோஷம். ஏலத்தோட்டத்தில் என்னை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். கம்பெனிக்கு அனுப்பப் போகிறாராம். நான் அந்த ஊதாச் சேலை கட்டிக்கொண்டேன்.

உனக்கும் ஒரு டப்பா அனுப்பட்டுமா? குனிந்து குனிந்து லேபிள் ஒட்டி உனக்கும் இடுப்பு வலிக்குமே.

ஆசை முத்தங்களுடன் அக்கா


உடும்பஞ்சோலை
4 ஆகஸ்ட் 2024

ஆன்மேரிக்கு, சுகம்தானே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே அவர் இல்லை என்று கையை ஆட்டுகிறார். பிள்ளைகளுக்குக் காய்ச்சலா? தம்பியோடு சண்டையா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எதுவானாலும் திட்டியாவது எழுது.

இன்பமேரி


கொழிஞ்சாம்பாறை
11 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு. இங்கே எல்லாரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தானின் போனுக்கு எட்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

துள்ளுநடைச் சூரணத்துக்கு லேபிள் ஒட்டுவது நான்தான்.

அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு ஷெட். நாங்கள் பதினோரு பெண்கள். கம்பெனி விஷயம் வெளியே போகக்கூடாது என்று முதலாளி சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். அதனால்தான் உங்களுக்குக்கூட எழுதவில்லை. வாரம் ஒரு மூட்டை காய்ந்த இலைப்பொடி வரும். அதோடு கலக்க ஒரு வெள்ளைப் பொடியை முதலாளியே காரில் கொண்டுவருவார். கதவைச் சாத்திக்கொண்டு அவரே கலப்பார். பிறகு ஒரே பீப்பாயிலிருந்து எடுத்து மூன்று விதமான டப்பாவில் அடைப்போம். பச்சை மூடி மூட்டுவலிக்கு, மஞ்சள் மூடி இரைப்புக்கு, சிவப்பு மூடி நரம்புத் தளர்ச்சிக்கு. உள்ளே இருப்பது ஒன்றுதான்.

மே மாதம் குப்பை எரிக்கும் குழியில் காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். கை நிறைய அள்ளலாம், அவ்வளவு கிடந்தன. என்ன மாத்திரை என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று பயம். நீங்கள் முதல் கடிதம் எழுதியபோது எனக்கு அந்தக் குழிதான் நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூடி பச்சை என்று எழுதினீர்கள். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று ஒரு மாதம் தெரியவில்லை.

போன திங்கட்கிழமை டப்பாவுக்குள் வைக்கப் புது நோட்டீஸ் வந்தது. கட்டைப் பிரித்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். 'ஏழு வருட வலி ஏழே நாளில் பறந்தது' என்று மேலே போட்டிருந்தது. அக்கா, உங்கள் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அது பூரிப்பு இல்லை, வீக்கம்.

இதை வாசித்த உடனே அந்தப் பொடியை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை ஓடையில் கொட்டுங்கள். வெளியே யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பதினோரு வீட்டு அடுப்பு இதில்தான் எரிகிறது.

மன்னிப்புக் கேட்க வார்த்தை தெரியாத
ஆன்மேரி


நெடுங்கண்டம்
23 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கொழுந்தியாள் ஆன்மேரிக்கு அத்தான் ஆசீர்வாதம் எழுதுவது. முதலில், பயப்படாதே. உன் அக்கா நன்றாக இருக்கிறாள். இப்போது நர்ஸிடம் காப்பியில் சீனி போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்றே பொடியை நிறுத்தினாள். நாலாம் நாள் வாந்தி, தலைசுற்றல். எழுந்து நிற்க முடியாமல் வாசலில் சாய்ந்துவிட்டாள். ஜீப்பில் போட்டு இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். டாக்டர் நல்ல மனுஷர். முகத்தையும் கையில் கன்றிய இடங்களையும் பார்த்துவிட்டு, நாட்டு மருந்து ஏதாவது தின்கிறாயா என்று அவரே கேட்டார். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறார். மாதக்கணக்கில் தின்றதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காதாம். மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டுமாம். இப்போது அப்படித்தான் கொடுக்கிறார்.

நீ நிறுத்தச் சொன்னதில் தப்பில்லை. உனக்கு எப்படித் தெரியும்? அதற்காக அழாதே. ஆனால் ஒன்று. எங்கள் எஸ்டேட்டில் இப்போது இருபத்து மூன்று பேர் இதைத் தின்கிறார்கள். மற்ற ஊர்களில் எத்தனை பேரோ. நீ பார்த்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே சொல்கிறேன்.

ஜின்சனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

ஆசீர்வாதம்


கொழிஞ்சாம்பாறை
31 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தானுக்குத் தோத்திரம். அக்கா சீனிக்குச் சண்டை போட்டாள் என்று வாசித்தபோது அழுதுகொண்டே சிரித்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகவில்லை. அவருடைய சரக்கு ஆட்டோவிலேயே பாலக்காட்டுக்கு, மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போனேன். மூன்று நிற மூடி டப்பாக்களும் மூன்று லேபிள்களும் அக்காவின் நோட்டீசும் பையில் இருந்தன. இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. நான் சொல்லி முடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டீசைக் கையில் எடுத்து, இது யார் என்று கேட்டார். என் அக்கா என்றேன். நோட்டீசைக் கீழே வைத்துவிட்டு, மலையாளமும் தமிழுமாகக் கலந்து, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

வியாழக்கிழமை இரண்டு ஜீப்பில் வந்தார்கள். நான் என் இடத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி வேட்டியைச் சரி செய்துகொண்டு, எல்லாம் சுத்த மூலிகைங்க என்றார். நாற்பத்திரண்டில் பத்தைச் சொல்லுங்கள் போதும் என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. முதலாளி விரல் மடக்கி ஏழு சொன்னார். அதில் கடுக்காய் இரண்டு தடவை வந்தது. கூட வந்த போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூட்டிய அறையைத் திறந்தார்கள். வெள்ளைப் பொடி இரண்டு டின் இருந்தது. எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, ஷெட்டுக்கும் சீல் வைத்தார்கள். லேபிளில் போட்டிருந்த லைசென்ஸ் நம்பரே பொய்யாம். அந்த விலாசத்தில் இருப்பது ஒரு சைக்கிள் கடை.

சொன்னது நான்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் இந்து, என்னோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிடுகிறவள், வாசலில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, எங்க எல்லாத்து சோத்துலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

நல்லா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அத்தான், மே மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்மேரி


உடும்பஞ்சோலை
18 செப்டம்பர் 2024

சண்டாளி ஆன்மேரிக்கு அக்கா எழுதுவது. சுகம் சுகம் சுகம். வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓணத்துக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த பாயசத்தை அத்தான் எனக்குக் காட்டாமல் குடித்துவிட்டார். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம்.

கோபத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மூடி என்ன நிறம் என்று கேட்டாயே, அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? நான் யாரோ சந்தையில் நிற்கிற பொம்பளையா? சரி, முடிந்தது. என் மேலும் குற்றம் இருக்கிறது. உனக்குப் பதினாலு பேர் என்று எழுதினேன். அது இருபத்து மூன்றாக ஆனதை எழுதவில்லை. நீ ஏதோ சொல்ல வருகிறாய் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இருபத்து மூன்று வீட்டுக்கும் நானே நடந்தேன். முட்டிவலி திரும்ப வந்துவிட்டது, அதனால் மூன்று நாள் ஆனது. பொடியைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், டப்பாவோடு டாக்டரிடம் வாருங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். குருவம்மாள் மதினி முற்றத்தில் நின்று ஊர் கேட்கக் கத்தினாள்.

"ஏட்டி இன்பமேரி, நீ சொல்லித்தானே தின்னேன்?"

"ஆமா மதினி, நான் சொல்லித்தான் தின்னீய. இப்பவும் நான்தான் சொல்லுதேன், ஜீப்புல ஏறுங்க."

ஏறினாள். அதைப் பார்த்து, கதவைச் சாத்தியவர்களும் வந்துவிட்டார்கள். மூன்று ஜீப்பில் இருபத்து மூன்று பேரும், மடியில் ஆளுக்கொரு பச்சை மூடி டப்பா. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதைப் பார்த்து, ஏதோ கல்யாணச் சீர் வருகிறது என்று காவல்காரர் கதவை அகலத் திறந்துவிட்டார். டாக்டர் ஒருத்தியையும் திருப்பி அனுப்பவில்லை. நாலு பேருக்கு மாத்திரை கொடுத்துக் குறைக்க வேண்டும், மற்றவர்கள் தின்றது கொஞ்ச நாள்தான், பயமில்லை என்றார்.

ஜோமோன் வந்தார். பெண்கள் ஜீப்பைச் சுற்றிக்கொண்டோம். அடித்துவிடுவோம் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். அவருடைய அம்மாவுக்கும் இதே பொடியைத்தான் ஆறு மாதமாகக் கொடுத்து வருகிறாராம். அவளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னோம். ஜீப்பில் இருந்த பெட்டிகளை அவரே மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசில் ஒப்படைத்துவிட்டார்.

என் முட்டியை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். தினமும் முழங்காலை நீட்டி மடக்கி இருபது தடவை செய்ய வேண்டும். நான் செய்ய, அத்தான் எண்ணுகிறார். பதினொன்றுக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

உன் கோபக்கார அக்கா


கொழிஞ்சாம்பாறை
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். சண்டாளி என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. அத்தானைப் போல நீங்களும் அன்பாக எழுதியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் சந்தேகப்பட்டது சரி. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் மூன்று நிற மூடி டப்பாவிலும் இருக்கிறது. முதலாளி மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். எந்த ஊருக்கெல்லாம் டப்பா போனதோ, அந்தந்த ஊர்களுக்குத் தகவல் அனுப்பித் திரும்ப எடுக்கிறார்கள். பார்சலில் ஊர்ப் பேர் எழுதினது இந்து. அகளி, குமுளி, கம்பம் என்று எல்லாப் பேரும் அவளுக்கு மனப்பாடம். இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டபோது முதலில் வாயே திறக்கவில்லை. சிவப்பு மூடி டப்பாவை அவள் மாமனாருக்கும் கொடுத்திருக்கிறாளாம். ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு எண்பத்தாறு ஊரையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, தூக்கை நடுவில் வைத்து, சாப்பிடலாம் வாங்க என்றாள்.

இப்போது பதினோரு பேரும் குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் சேர்ந்து கடலை மிட்டாய் போடுகிறோம். லேபிளில் என்ன எழுதுவது என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டம். கடைசியில் உள்ளே போடுவதை மட்டும் எழுதினோம். கடலை, வெல்லம், ஏலக்காய். மூன்றே வார்த்தை. லேபிள் பாதி காலியாகக் கிடந்தது. இவ்வளவுதானா என்று இந்து சிரிக்க ஆரம்பித்தாள், எல்லாரும் சிரித்துவிட்டோம். ஏலக்காய் நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

உங்களிடமும் மொழி எடுக்க வேண்டும் என்கிறார் இன்ஸ்பெக்டர் அம்மா. தின்றவர் வாயால் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வார்களாம். உடம்பு தேறிய பிறகு வந்தால் போதும் என்றார். ஜனவரியில் எங்கள் கோயிலில் செபஸ்தியார் திருநாள். அதற்கு வாருங்கள். நாம் பார்த்து ஆறு வருடம் ஆகிறது.

ஆன்மேரி


உடும்பஞ்சோலை
12 டிசம்பர் 2024

ஆன்மேரிக்கு, எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. ஏலக்காய் பார்சலில் வருகிறது, எட்டு மில்லிமீட்டர் பருமனுக்குப் பொறுக்கிய உருட்டுக் காய். முகம் வடிந்து பழைய இன்பமேரி ஆகிவிட்டேன். சர்க்கரையும் இறங்கிவிட்டது. மாத்திரை போன வாரத்தோடு முடிந்தது. முட்டி வலிக்கிறது, ஆனால் எவ்வளவு வலிக்கிறது, எதற்கு வலிக்கிறது என்று தெரிகிறது. மெதுவாக நடந்தால் எங்கேயும் போகலாம் என்றார் டாக்டர். மெதுவாக வருகிறேன்.

அத்தான் வர முடியாது. எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்த வேறு ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வர வேண்டும், தம்பியை அனுப்பக் கூடாது.

அக்கா


கொழிஞ்சாம்பாறை
22 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு ஆன்மேரியின் தோத்திரம். உங்கள் இருமல் குறைந்ததா? அக்கா சுகம். வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். அனுப்பப் போவதில்லை. இன்னும் பத்து நாள் இங்கே இருப்பாள். பிள்ளைகள் அவளுடைய பையை ஒளித்துவைத்துவிட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை மொழி கொடுக்கப் போனோம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பொடியைத் தின்றதும் உண்மையிலேயே வலி குறைந்ததா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் யோசிக்கவே இல்லை.

"வலி போச்சு அம்மா. போகலன்னு பொய் சொல்ல மாட்டேன். டப்பா மேல எழுதியிருந்ததை நம்பித் தின்னேன். உள்ள இருந்ததை எழுதியிருந்தா டாக்டர்ட்டக் கேட்டிருப்பேன். இருபத்து மூணு பேர்ட்டயும் வாங்கித் தின்னுங்கன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் அம்மா அதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். கடலை மிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்தோம். லேபிளை இரண்டு தடவை வாசித்த பிறகுதான் பிரித்தார்.

அன்று சாயங்காலமே சப்பரம். இந்துவின் வீட்டுக்காரர் நல்லதம்பி பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறார். சப்பரம் கிளம்பியபோது நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்தின் நடுவில் இருந்தோம். கடைவீதி வந்தபோது பின்வரிசையில் இருந்தோம். பிறகு வரிசையே இல்லை, நாங்கள் மட்டும்தான். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். உடம்பு தேறினால் சப்பரத்தோடு நடப்பதாகத்தான் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டேன், ஆட்டோவில் வருவதாக இல்லை என்றாள். என் தோளில் கை போட்டுக்கொண்டு, ஆறு வருடப் பேச்சைப் பேசிக்கொண்டே நடந்தாள். சப்பரம் கோயிலுக்குள் போய், வெடியும் போட்டு முடித்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் அரிசி மில் முக்கில் இருக்கிறோம்.

அப்போது தெருமுனையில் சிவப்புச் சட்டைகள் தெரிந்தன. இந்துதான் போய்ச் சொல்லியிருக்கிறாள், இன்னும் ரெண்டு பேர் வர வேண்டியிருக்குதுங்க என்று. நல்லதம்பி கிளாரினெட்டோடு வந்தார். பின்னாலேயே ட்ரம்ஸ், பெரிய தாளம், ட்ரம்பெட் என்று பதினாறு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்று வாசிக்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அக்கா சேலையைச் சரி செய்துகொண்டாள். ஆனால் நடையை வேகப்படுத்தவில்லை.

அவளுடைய நடைக்கு அவர்கள்தான் தாளத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆன்மேரி